வனிலாப் பிஞ்சுகள் உதிர்கின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஆரையம்பதியில் எங்கள் வளவில் கிளிசரிடியா மரத்தில் படரவிட்ட வனிலாக் கொடி, 3 வருடத்துக்குப் பிறகு இம்முறைதான் பூத்தது. மெக்சிக்கோப் பக்கத்து ஓர்க்கிட் இது. பூ ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்கவேண்டும். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த அதே முறைதான். நானும் ஈர்க்கினால் விடியவே சேர்த்து, 20 பிஞ்சு பிடித்தது. அவ்வளவு சந்தோசம்!

கச்சான் என்ற வறண்ட காற்று தொடங்கியதும் மஞ்சளாகி உதிர்கின்றன, மிச்சம் 9தான். முற்ற இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது. அடியில் தும்பும் சருகும் போட்டிருக்கிறேன், தண்ணீர் மாலையில் மட்டும். நிழல் வலை கட்டவா? ஒரு கொத்தில் எத்தனை காய் விடலாம்? மட்டக்களப்பு, அம்பாறையில் வளர்ப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.