ஐந்து வயது மகள் விரல் சூப்புகிறாள், வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஐந்து வயது முடிந்தும் கட்டைவிரல் சூப்புவது நிற்கவில்லை. விளையாட்டு மும்முரத்தில் கை வாய்ப்பக்கமே போகாது. டிவி முன்னால் உட்கார்ந்தாலோ தூக்கம் வந்தாலோ வலது கட்டைவிரல் தானாக உள்ளே போய்விடும், இடது கை என் புடவைத் தலைப்பைத் தேடும். விரல் கணுவில் தோல் தடித்து வெளுத்துக் கிடக்கிறது.

பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதுக்குள் தானாக விட்டுவிடுவார்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் மேல்வரிசை முன்னே தள்ளும், கடித்தாலும் முன்பற்கள் சேராமல் இடைவெளி விழும் என்றார் பல் டாக்டர். ஆறு, ஏழு வயதில் நிலைப்பற்கள் முளைக்கும். அதற்குள் நிறுத்தியாக வேண்டுமே என்று தவிப்பாக இருக்கிறது.

மாமியார் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பிள்ளை ஆறுதலுக்குப் பிடித்திருப்பதைக் கசப்பாக்க எனக்கு மனசு வரவில்லை. சூப்பாமல் இருந்தால் காலண்டரில் அவளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பகலுக்கு அது கைகொடுக்கிறது, ராத்திரிக்கு இல்லை.

தூங்கும்போது காட்டன் கையுறை போட்டுப் பலன் கண்டவர்கள் உண்டா? அண்ணத்தில் பொருத்தும் கம்பியை இந்த வயதில் போட்டவர்கள், சாப்பிட, பேச சிரமப்பட்டார்களா? புதுச்சேரி கோரிமேடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்றிருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ குழந்தையைக் கூட்டிப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், ஒன்றரை வயதுத் தம்பிக்கு ரப்பர் நிப்பிள் இல்லாமல் தூக்கம் வராது. அதை ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகவா?