அம்மாவின் சூலகக் கட்டி: றோபோ ஒப்பரேசனுக்குச் சென்னை போகத்தான் வேண்டுமா?

உரும்பிராய்_மகள்:
அம்மாவுக்கு 61 வயது. பொங்கலுக்குப் பிறகு வயிறு ஊதிக்கொண்டே வந்தது, சட்டைக் கொக்கி பூட்ட முடியவில்லை, நாங்கள் வாயு என்று நினைத்து உள்ளி போட்டு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்கானில் இடது சூலகத்தில் 11 சென்ரிமீற்றர் கட்டி, புற்றுச் சந்தேகத்துக்கு இரத்தத்தில் பார்க்கிற சி.ஏ. 125 அளவும் கூடியிருக்கிறது. தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நீளமாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார் டொக்டர். ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா இரவிரவாக றோபோ வீடியோ அனுப்புகிறார்: பலாலியில் ஏறினால் சென்னை, நாலு சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் எழும்பி நடக்கலாமாம். அம்மா கத்தி என்றாலே நடுங்குகிறா. இங்கே பழைய முறையில்தான் செய்கிறார்களா?

தியேட்டர்_நேர்ஸ் (ஓய்வு):
தங்கச்சி, பழைய முறை என்று யார் சொன்னது? சூலகக் கட்டி தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. உள்ளே புற்று இருந்து, அது உடையாமல் முழுசாக வெளியே வந்தால் நிலை 1ஏ, அதாவது ஆக ஆரம்பக் கட்டம். எடுக்கிற நேரம் வெடித்து வயிற்றுக்குள் கொட்டினால் அதே நோய் 1சி ஆகிவிடும், கீமோ தேவைப்படாமல் போயிருக்கக்கூடிய ஆளுக்கும் அதை யோசிக்க வேண்டி வரும். இப்படிச் சந்தேகமான கட்டியை முன்கூட்டி ஊசி குத்திப் பார்க்காததும் இதனால்தான். ஓட்டை வழியாகச் செய்தால் கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு இழுப்பார்கள். சின்னக் கட்டிக்குச் சரி. 11 சென்ரிமீற்றரை எந்த ஓட்டையால் எடுப்பது?

பரவியிருந்தால் கதையே வேறு. குடலுக்கு மேல் தொங்கும் கொழுப்புப் படலம், ஈரலின் பின்பக்கம், உதரவிதானம் எல்லாம் கையால் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரிய ஒன்றும் மிஞ்சாமல் எடுக்க வேண்டும். றோபோ தானாக வெட்டுவதில்லை, டொக்டர்தான் ஒரு மேசையில் இருந்து அதன் கைகளை ஆட்டுவார். படம் அருமையாகத் தெரியும், ஆனால் பெரும்பாலான மெசின்களில் தொட்டுணர இயலாது.

கோண்டாவில்_அக்கா:
நான் ஓட்டைக் கட்சி! எனக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்று, லப்பரஸ்கோப்பியில், அதாவது சின்ன ஓட்டை போட்டுக் கமரா விட்டு, எடுத்தார்கள், இரண்டாம் நாள் நானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். அமெரிக்காவில் 2,600 பெண்களுக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வில் வெட்டினாலும் ஓட்டை போட்டாலும் 5 வருட உயிர்வாழ்வு ஒன்றுதான், 89.8 வீதம். ஆனால் அது என் நோய்க்கான கணக்கு, அம்மாவின் நோய்க்கில்லை.

தியேட்டர்_நேர்ஸ் (ஓய்வு):
அதேதான். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுக்கு 2018 இல் வந்த ஆய்வில் எல்லாரும் வாய் பிளந்தார்கள். 3 வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வெட்டியதில் 97.1 வீதம், ஓட்டை போட்டதில், றோபோவும் சேர்த்து, 91.2. மூன்றும் பக்கத்துப் பக்கத்து உறுப்பு, மூன்றுக்கும் வேறு வேறு பதில்.

சுன்னாகம்_பெறாமகன்:
என் பெரியம்மாவுக்கும் சூலகம்தான். ஒப்பரேசன் ஒரு நாள் வேலை, கீமோ 3 கிழமைக்கு ஒருக்கா ஆறு தடவை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து ஓட்டோவில் போய் வந்தோம், அதையெல்லாம் சென்னையில் அறை எடுத்துச் செய்ய நினைத்தாலே தலை சுற்றுகிறது. அண்ணாவை டொக்டரோடு நேரே கதைக்க விடுங்கள். பெண்களின் புற்றுநோய்க்கென்றே படித்த சத்திரசிகிச்சை நிபுணரா செய்கிறார், அம்மா ஒப்பரேசன் மேசையில் இருக்கும்போதே கட்டியின் துண்டை உறைய வைத்துப் புற்றா என்று பார்க்கிற வசதி உண்டா, இந்த இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். ஓட்டை எத்தனை என்பது பிறகு.

உரும்பிராய்_மகள்:
அண்ணா நேற்று டொக்டரோடு கதைத்தார். இரண்டுக்கும் ஆம் என்றாராம். அண்ணாவிடமிருந்து இன்றைக்கு வீடியோ ஒன்றும் வரவில்லை! அம்மா கேட்டது ஒன்றுதான், நல்லூர்த் தேருக்குப் போக இயலுமா என்று. ஒப்பரேசன் அடுத்த கிழமை.

தியேட்டர்_நேர்ஸ் (ஓய்வு):
6 கிழமைக்குப் பாரம் தூக்க விடாதே. அர்ச்சனைத் தட்டு தூக்கலாம், தண்ணி வாளி கூடாது. கீமோ நடந்துகொண்டிருந்தால் சனத்துக்குள் இறங்காமல் எட்ட நின்று தேரைப் பார்க்கச் சொல்லு.