குண்டு பொருத்திய பின் சில தோட்டாக்கள் மட்டும் சேம்பரில் (துப்பாக்கியின் தோட்டா அறையில்) இறங்க மறுப்பது ஏன்?

புதுக்கை:

அனைவருக்கும் வணக்கம். உரிய உரிமம் பெற்று, சுட்ட உறைகளை மீண்டும் தோட்டாவாக்கும் மறுநிரப்பில் இறங்கி மூன்று மாதங்களே ஆகின்றன. போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியைத் தள்ளி மூடும்) துப்பாக்கி ஒன்றுக்காக .308 வின்செஸ்டர் அளவில் ஐம்பது தோட்டாக்கள் தயாரித்தேன். உறைகள் அனைத்தும் இதே துப்பாக்கியில் ஒரு முறை சுடப்பட்டவை. முதலில் ட்ரிம்மரில் வைத்து எல்லாவற்றையும் 50.90 மி.மீ. நீளத்துக்கு வெட்டினேன், பிறகு மசகு தடவி உறையை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் முழுநீள சைஸிங் டையில் அழுத்தினேன், அதன் பின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு என்று வரிசையாக முடித்தேன். குண்டில் கிரிம்ப் பள்ளம் (உறையின் வாயை மடித்து இறுக்குவதற்கான பள்ளம்) கிடையாது.

ஐம்பதில் முப்பத்தாறு தோட்டாக்கள் தடையின்றி உள்ளே சென்றன. மீதமுள்ள பதினான்கில் போல்ட்டின் கைப்பிடி பாதி தூரம் வந்ததும் நின்றுவிடுகிறது. மொத்த நீளமும் சீராக இல்லை: 71.10 மி.மீ. வர வேண்டும் என்று வைத்தேன், 70.95 முதல் 71.20 வரை வருகிறது. சைஸிங் டையை இன்னும் சற்றுக் கீழே இறக்க வேண்டுமா, அல்லது குண்டை இன்னும் ஆழமாகப் பொருத்த வேண்டுமா?

மில்லிமீட்டர்:

சைஸிங் போதவில்லை என்றே தோன்றுகிறது. தோள் (உறையின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) போதிய அளவு பின்னுக்குத் தள்ளப்படாவிட்டால் போல்ட் இப்படித்தான் இறுகும். டையை இன்னும் கால் சுற்று இறக்கிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை அப்படித்தான் சரியாயிற்று.

கடைசல்காரர்:

கால் சுற்று என்ற ஆலோசனையை ஏற்பதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வகை டைகளின் மரையில் ஓர் அங்குலத்துக்கு 14 இழைகள் இருப்பதால், ஒரு முழுச் சுற்று 1.81 மி.மீ. இறக்கம், கால் சுற்றே ஏறத்தாழ 0.45 மி.மீ. ஆகிறது. போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் சுடப்பட்ட உறையின் தோளை 0.03 முதல் 0.05 மி.மீ. வரை பின்னுக்குத் தள்ளினால் போதும் என்னும்போது, டைக்கும் உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டருக்கும் இடையே இன்னும் இடைவெளி இருக்கும் நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்று இறக்குவது தேவைக்கு மேல் பல மடங்கு. அவை முன்பே முட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கால் சுற்று அழுத்தும் கருவியான பிரஸ்ஸின் நெளிவை மட்டுமே இறுக்கும். தோளை அளவுக்கு மீறித் தள்ளிய உறை ஒவ்வொரு சூட்டிலும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீண்டு மெலிந்து, சில சூடுகளுக்குப் பின் அங்கேயே இரண்டாகப் பிரியும். அடியிலிருந்து சற்று மேலே பளபளப்பான வளையம் தென்பட்டாலோ, நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு உரசும்போது ஒரு பள்ளம் தட்டுப்பட்டாலோ, அந்த உறையை உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

உங்கள் கேள்விக்கு விடை சைஸிங்கா, குண்டு பொருத்துதலா என்பதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சைஸிங் முடிந்த, பிரைமரும் மருந்தும் குண்டும் இல்லாத வெற்று உறையைச் சேம்பரில் வைத்து போல்ட்டை மூடுங்கள். அது எளிதாக மூடினால் சைஸிங் டை குற்றமற்றது. தவறு அதற்குப் பிந்தைய ஏதோ ஒரு படியில் நேர்ந்திருக்கிறது. வெற்று உறையே இறுகினால் மட்டும் டையைத் தொடுங்கள், அதுவும் சுற்றில் முப்பதில் ஒரு பங்கு என்ற கணக்கில்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருந்து நிரப்பிய தோட்டாவைப் பணிமேசையில் துப்பாக்கிக்குள் வைத்து போல்ட்டை அழுத்திப் பார்த்திருக்கிறீர்கள் என்று படும்போது எனக்கு உள்ளூர நடுங்குகிறது. பொருத்தம் பார்ப்பதற்கென்று பிரைமரும் மருந்தும் இல்லாத போலித் தோட்டா ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய தோட்டாவுக்கு உறை அளவி இருக்கிறது, துப்பாக்கியே வேண்டாம். பாதியில் இறுகிய கைப்பிடியை ஒருபோதும் தட்டி மூட முயலாதீர்கள்.

பித்தளை:

கடைசல்காரர் சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள். ஆயினும் உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது: முதலில் வெட்டினேன், பிறகு சைஸிங் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசை தலைகீழாகிவிட்டது. சைஸிங் டை உறையின் உடலைச் சுற்றிலும் நெருக்கும்போது பித்தளைக்கு மேல்நோக்கித்தான் வழி உண்டு. வெளியே இழுக்கையில் டையின் நடுத்தண்டில் உள்ள விரிவுக் குமிழும் கழுத்தைச் சற்று நீட்டிவிடுகிறது. எனவே ஒரே நீளத்துக்கு வெட்டிய ஐம்பது உறைகளும் சைஸிங்குக்குப் பின் வெவ்வேறு நீளத்தில் நிற்கும். .308 வின்செஸ்டர் உறையின் உச்ச நீளம் 51.18 மி.மீ.; உங்களுடையவை அதற்குள்ளேயே இருக்கலாம், ஆனால் இங்கே சிக்கல் உச்ச வரம்பைத் தாண்டியதில் இல்லை, ஒன்றுக்கொன்று வேறுபடுவதில்தான் இருக்கிறது.

குண்டு பொருத்தும் டைக்குள், கழுத்து முடியும் இடத்தில் கிரிம்ப் செய்வதற்கான சிறு படி ஒன்று உண்டு. டையின் உடலை மிகத் தாழ்வாக வைத்துவிட்டால், குண்டு இறங்கும் அதே அசைவில் உறையின் வாய் அந்தப் படியில் முட்டுகிறது. குண்டில் பள்ளம் இல்லாததால் வாய் உள்நோக்கி மடிய இடமில்லை. விசை முழுவதும் கழுத்தின் வழியே கீழிறங்கி, தோளும் உடலும் சேரும் மூலையை வெளிநோக்கிப் பிதுக்கிவிடுகிறது. பிதுக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சேம்பருக்குத் தெரிந்துவிடும். குட்டையான உறைகள் படியைத் தொடாமல் தப்பிக்கின்றன, நீண்டவை மாட்டிக்கொள்கின்றன. ஐம்பதில் பதினான்கு மட்டும் மறுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. பொருத்தும் டையை எப்படி அமைத்தீர்கள்?

போலித் தோட்டா ஒன்றை நீண்ட உறையில் செய்து, அதன் மேல் முழுக்க அழியா மைப் பேனாவால் கறுப்புப் பூசி, சேம்பரில் மெல்ல நுழைத்து வெளியே எடுங்கள். மை எங்கே உரசி அழிந்திருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. தோளின் மூலையில் வளையமாக அழிந்திருந்தால் நான் சொன்னது. குண்டின் வளைவில் அழிந்திருந்தால் குண்டு குழலின் உட்புறச் சுருள்வரியில் முட்டுகிறது.

மொத்த நீள வேறுபாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பொருத்தும் தண்டு குண்டின் கூர்முனையைப் பிடிப்பதில்லை, அதற்குக் கீழே உள்ள வளைவைத்தான் பிடிக்கிறது. முனை திறந்த குண்டுகளின் நுனியோ தொழிற்சாலையிலேயே சீராக வருவதில்லை. காலிப்பரில் குண்டின் வளைவில் உட்காரும் ஒப்பளவிச் செருகியைப் பொருத்தி, அடியிலிருந்து வளைவு வரை அளந்தால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிடும். அதைச் சரிசெய்வதாக எண்ணிக் குண்டை ஆழமாக இறக்காதீர்கள்: உறைக்குள் இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும்.

புதுக்கை:

இருவருக்கும் நன்றி. மீதமிருந்த உறைகள் பத்தைச் சைஸிங் செய்து வெற்றாகவே சேம்பரில் வைத்தேன். பத்தும் விரல் நுனி விசையில் மூடின. அவற்றின் நீளம் 50.93 முதல் 51.14 வரை இருந்தது. போலித் தோட்டாவில் மை தோளின் மூலையில் சுற்றிலும் அழிந்திருந்தது. மறுத்த பதினான்கின் அந்த இடத்தைக் காலிப்பரில் அளந்தபோது 11.60 மி.மீ. வந்தது, நன்றாகச் சென்றவற்றில் 11.50.

பொருத்தும் டையை அமைத்த விதத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கைக்குக் கிடைத்த உறை ஒன்றை ஏற்றி, டை அதைத் தொடும் வரை இறக்கி, அங்கேயே பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டேன். தொட்ட பின் மேலே ஏற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் படித்தும் மறந்துவிட்டேன். இப்போது எவ்வளவு ஏற்ற வேண்டும், அந்தப் பதினான்கை என்ன செய்வது?

மில்லிமீட்டர்:

என் ஊகம் தவறு. கால் சுற்று ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குச் சரியானது வேறொரு துப்பாக்கியில் சுடப்பட்ட உறைகள் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பித்தளை:

வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் ஒரு பெட்டி முழுவதையும் இப்படிப் பாழாக்கியவன்தான்.

சைஸிங் முடித்து 50.93 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய வெற்று உறையை ஏற்றி, பொருத்தும் தண்டை நன்றாக மேலே தூக்கிவிட்டு, டை வாயைத் தொடுவதை உணரும் வரை இறக்குங்கள். பிறகு ஒரு முழுச் சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள், 1.8 மி.மீ. இடைவெளி கிடைக்கும், எந்த உறையும் படியை எட்டாது. ஆழத்தைத் தண்டால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். கிரிம்ப் என்றாவது தேவைப்பட்டால், பள்ளமுள்ள குண்டில், தனிப் படியாகச் செய்யலாம். வெட்டிய பிறகு வாயின் உள்விளிம்பைச் சாய்த்துவிட மறக்காதீர்கள், இல்லையேல் குண்டின் செப்பு உறை செதிலாக உரியும்.

பதினான்கிலும் குண்டுகளைக் கோலெட் வகை இழுப்பானால் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிடுங்கள். உறைகளில் உயிருள்ள பிரைமர் இருப்பதால், சைஸிங் டையிலிருந்து பிரைமர் தள்ளும் தண்டை முழுவதும் கழற்றிவிட்டு, கண்ணாடி அணிந்து, மசகு தடவி, மெதுவாக ஒரு முறை உள்ளே செலுத்தினால் பிதுக்கம் அடங்கும். தண்டு இல்லாமல் சைஸிங் செய்வதால் கழுத்து வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும். விரிவுக் குமிழை மட்டும் தனியாக ஓட்டிக்கொள்ளுங்கள். வாய் உள்நோக்கி மடிந்திருக்கும் உறைகளைக் காப்பாற்ற முயலாமல் வீசிவிடுவதே மலிவு.

கடைசல்காரர்:

ஒரே ஒரு சேர்க்கை: கழற்றிய மருந்தைப் பழைய டப்பாவிலேயே திரும்பக் கொட்டுவது, அன்று மேசையில் அந்த ஒரு டப்பா மட்டுமே திறந்திருந்தது என்பதில் உங்களுக்கு எள்ளளவும் ஐயம் இல்லாவிட்டால் மட்டும்.