ஃபோய்க்ட்லெண்டர் வீட்டோ பி: ஷட்டர் விழவே இல்லை, கேமரா போய்விட்டதா?

கேள்வி:
இங்கே ஜெர்மனியில் பழைய சாமான் சந்தை ஒன்றில் வீட்டோ பி வாங்கினேன். 1950களில் வந்த மாடல், 50 எம்எம் எஃப் 3.5 கலர்-ஸ்கோபார் லென்ஸ், பிரான்டார் எஸ்விஎஸ் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் பாகம்). லென்ஸில் பூஞ்சை இல்லை, உடம்பில் கீறல்கூடக் கிடையாது. ஆனால் ஃபிலிமை நகர்த்தும் லீவரை எத்தனை முறை இழுத்தாலும் ஷட்டர் விழவில்லை. உள்ளே ஃபிலிம் எதுவும் இல்லை. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா, இல்லை அழகுக்கு அலமாரியில் வைக்க வேண்டியதுதானா?

பதில் 1:
அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள் நண்பரே. வீட்டோ பி-யில் லீவர் நேராக ஷட்டரை ஏற்றாது (அதாவது அடுத்த படத்துக்குத் தயார் செய்யாது). ஃபிலிமின் ஓரத் துளைகளில் மாட்டிச் சுழல்கிற பற்சக்கரம்தான் அந்த வேலையைச் செய்கிறது, ஃபிலிம் இல்லையென்றால் அதைச் சுற்ற ஆளில்லை. பின்கதவைத் திறந்து, லீவரை ஒரு முறை இழுத்துவிட்டு, பற்சக்கரத்தை ஃபிலிம் போகும் திசையில் நிற்கும்வரை விரலால் சுற்றுங்கள். அப்புறம் பட்டனை அழுத்துங்கள். இது தெரியாமல் நல்ல கேமராவைப் பழுது என்று ஒதுக்குகிறார்கள், அதுதான் மனசு கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
விழுந்துவிட்டது, ரொம்ப நன்றி! 1/300 நொடி வேகம் நன்றாக ஓடுகிறது. 1 நொடியில் வைத்தால் மட்டும் திறந்தபடியே நின்றுவிடுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?

பதில் 2:
எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது ஷட்டர் இதழ்களில் பரவினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இப்போது ஓடுகிற வேகங்களும் போய்விடும். மெதுவான வேகங்களுக்கு உள்ளே தனிப் பற்சக்கரத் தொகுதி உண்டு, அதில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தால் போதும். அதுவரை செல்ஃப் டைமரையும் தொடாதீர்கள் ('வி' என்று போட்டிருக்கும்), பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

பதில் 3:
பகல் வெளிச்சத்துக்கு மெதுவான வேகம் எதற்கு, இன்றைக்கே ஒரு ரோல் போடுங்கள். இதில் லைட் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) கிடையாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு அளவு) ஃபிலிமுக்கு லென்ஸ் துளையை எஃப் 16-லும் ஷட்டரை 1/100 நொடியிலும் வைத்தால் சரியாக வரும். தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரும் இல்லை, தூரத்தைக் கண்ணால் கணித்து லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டும். பயப்பட வேண்டாம், எஃப் 8-ல் 10 மீட்டருக்கு வைத்தால் ஏறக்குறைய 5 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். கிட்டே நிற்கும் முகத்துக்கு மட்டும் நிதானமாகக் கணியுங்கள். ஃபோய்க்ட்லெண்டர் 1756-ல் வியன்னாவில் தொடங்கி, பிறகு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் வேரூன்றிய கம்பெனி, லென்ஸ் செய்வதில் பழுத்த கை. நான்கே கண்ணாடித் துண்டுகள் கொண்ட இந்த ஸ்கோபார் எஃப் 8-ல் தரும் கூர்மையைப் பார்த்தால் இதன் விலையை நம்பவே மாட்டீர்கள். இன்னொன்று, மிச்சப் படங்களைக் காட்டும் எண்ணிக்கைக் காட்டி தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பாது, ரோல் போட்டதும் 36-க்கு நீங்களே திருப்ப வேண்டும், அங்கிருந்து இறங்குமுகமாக எண்ணும்.