புதுப்பிப்பு: ஒட்டிக்கொண்ட ஷட்டர் ஓடுகிறது

1950களின் ஜெர்மானிய மடிப்புக் கேமராவில், ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் (பிலிமுக்கு ஒளியை விடும் கதவு) திறந்தபடியே நின்றுவிடுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். இப்போது ஓடுகிறது; முதல் முயற்சியில் அல்ல.

முன்வில்லையைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் லைட்டர் திரவம் தொட்டு ஷட்டரின் மெல்லிய இதழ்களைத் துடைத்தேன். மாலையில் துள்ளியது, காலையில் மறுபடி ஒட்டிக்கொண்டது. கரைந்த பழைய கிரீஸ் உள்ளிருந்து வழிந்திருக்கிறது. மூன்றாம் முறைதான் குச்சி வெள்ளையாக வந்தது. "ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்" என்ற நண்பருக்கு: வேண்டவே வேண்டாம், இதழ்கள் உலர்ந்தே இருக்க வேண்டும்.

கைபேசியில் நொடிக்கு 240 சட்டகங்களாகப் படம்பிடித்து, ஷட்டர் திறந்திருந்த சட்டகங்களை எண்ணினேன். ஒரு நொடிக்கு 251, 1/30 நொடிக்கு 8. எனக்கு இது போதும். 1/500 நொடியை இப்படி அளக்க முடியாது, அது ஒரு சட்டகத்தைவிடக் குறைவு. அந்த வேகத்தை மட்டும் நெம்புகோலை இழுத்து ஷட்டரை முடுக்குவதற்கு முன்பே வைத்துவிடுகிறேன், அதற்குத் தனிச் சுருள்வில் இருக்கிறது.

நாளை பிலிம் போடுகிறேன்.