தீக்காய முதலுதவி வகுப்பு: புண்ணின் படம் எந்த இடத்தில் வரணும்?

கரும்பலகை:
தீக்காய முதலுதவி ஸ்லைடுன்னாலே இடப்பக்கம் தோல் உரிஞ்ச கை, வலப்பக்கம் செய்ய வேண்டியது அஞ்சு வரி. இந்த அமைப்பே தப்புங்கிறது என் வாதம். 2005-ல் உளவியலாளர் ஸ்டீவன் மோஸ்ட் குழுவின் சோதனையில் நொடிக்கு 10 படம் வீதம் ஓடும். நடுவுல 90 பாகை திருப்பி வெச்ச படம் ஒண்ணு வரும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லணும். அதுக்கு ரெண்டு படம் முன்னால கோரமான படம் வந்தா, கண்ணு முன்னால போனதையே நிறையப் பேர் தவறவிட்டாங்க. எட்டுப் படம் முன்னாலன்னா பாதிப்பு தணிஞ்சுடுச்சு.

படித்துறை:
அது ஒரு நொடிக்குள்ள தீர்ந்துபோற தடுமாற்றம். ரெண்டு நிமிஷம் நிக்கிற ஸ்லைடுக்கு அதை எப்படிப் பொருத்துறீங்க? நினைவு பத்தின ஆய்வைப் பாருங்க. 1994-ல் காஹிலும் மெக்காவும் ஒரு பையன் விபத்துல சிக்குற கதையை ஸ்லைடுகளா காட்டினாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, விபத்துப் பகுதிதான் அதிகம் நினைவுல நின்னுது. படபடப்பைத் தணிக்கிற புரோப்ரனலால் சாப்பிட்டவங்களுக்கு அந்தக் கூடுதல் நினைவு கிடைக்கல. உணர்ச்சியை எடுத்துட்டா பாடம் தங்காது.

கரும்பலகை:
முதல் கேள்வி நியாயமானது. நிலையா நிக்கிற படத்துக்கு 1987-ல் எலிசபெத் லாஃப்டஸ் குழு செஞ்ச சோதனையை எடுத்துக்கலாம். ஒரு உணவகக் காட்சியை ஸ்லைடுகளா காட்டினாங்க; அதுல வாடிக்கையாளர் கையில துப்பாக்கி இருந்தப்போ, காசோலை இருந்தப்போவைவிட அதிக தடவை, அதிக நேரம் கண் அங்கேயே போச்சு. அவர் முகத்தை அடையாளம் காட்டுறதும் குறைஞ்சுது.

ரெண்டாவதுல ஒரு ஓட்டை இருக்கு. காஹில் சோதனையில நினைவுல நின்னது விபத்தேதான். நம்ம வகுப்புல நினைவுல நிக்க வேண்டியது புண்ணு இல்ல, "ஓடுற தண்ணியில 20 நிமிஷம்". நினைவை ஆராயுற உளவியலாளர் கென்சிங்கரின் ஆய்வுகள் காட்டுறதும் இதுதான்: பாம்பு நினைவிருக்கும், அது கிடந்த ஆத்தங்கரை மறந்துடும். உங்க ஸ்லைடுல அந்த அஞ்சு வரிதான் ஆத்தங்கரை.

மஞ்சள்கோடு:
அப்போ 20 நிமிஷத்தையே படத்தோட மையமாக்குங்க. குழாய்த் தண்ணிக்குக் கீழ சிவந்த கை, தண்ணி மேலயே பெரிய எழுத்துல "20 நிமிடம்". அடுத்த ஸ்லைடுல மோதிரம், வளையல் கழட்டுற விரல். வீங்கினப்புறம் கழட்ட வராது. மூணாவதுல பனிக்கட்டி, டூத்பேஸ்ட், பேனா மை, தோசை மாவு நாலும் குறுக்குக்கோடு போட்டு. ஒரு ஸ்லைடுக்கு ஒரு செயல் போதும். கருகின கை எதுக்கு? படத்தைப் போடறதுக்கு முன்னால சிலர்கிட்ட காட்டி, பிடிச்சது பிடிக்காதது ஒரு மதிப்பெண், படபடப்பு தனி மதிப்பெண்ணுன்னு 1 முதல் 9 வரை போடச் சொல்லுங்க. படபடப்பு 8, 9-ன்னு வந்தா அந்தப் படம் வேண்டாம்.

படித்துறை:
ஒரு செயல் ஒரு ஸ்லைடு, ஒத்துக்கிறேன். ஆனா புண்ணு படத்தை முதல்லயே காட்டணும்னுதான் இன்னும் சொல்வேன். காட்டிட்டு, "உடனே என்ன செய்வீங்க?"ன்னு ஒரே கேள்வி. பதில் வாங்கிட்டுத் திரையைக் கருப்பாக்கி, அப்புறம் பாடம். அந்தக் கேள்வி இல்லன்னா கேக்கிறதுக்குக் காரணமே பிறக்காது.

கரும்பலகை:
1998-ல் ஹார்ப்பும் மேயரும் மின்னல் எப்படி உருவாகுதுங்கிற பாடத்துல சுவாரசியமான, ஆனா தேவையில்லாத படங்களையும் தகவலையும் சேர்த்துப் பார்த்தாங்க. கத்துக்கிறது குறைஞ்சுது. அதுங்களைக் கடைசிக்குத் தள்ளினப்போ கெடுதல் கம்மி. அதனால படம் கடைசியில; வந்தப்புறம் புதுசா எதுவும் சொல்லக்கூடாது, "20 நிமிடம்" மட்டும் திரும்பச் சொல்லலாம்.

படித்துறை:
மின்னல் பாடத்துல சேர்த்தது பாடத்துக்குச் சம்பந்தமே குறைவானது. தீக்காயப் பாடத்துல புண்ணு அப்படியா? அந்த முடிவை அப்படியே இங்க கொண்டுவர முடியாது.

மஞ்சள்கோடு:
இதை அளந்தே பார்க்கலாம். ஒரே ஸ்லைடுகள், ரெண்டு குழு, புண்ணு படம் ஒண்ணுல முதல்ல, இன்னொண்ணுல கடைசியில. வகுப்பு முடிஞ்ச கையோட "பிடிச்சுதா"ன்னு கேக்காதீங்க. அதிர்ச்சிப் படம் பார்த்தவங்க "ரொம்ப பயனுள்ளது"ன்னு எழுதிடலாம். ஏழு நாள் கழிச்சு மூணு கேள்வி: எத்தனை நிமிஷம், எதைக் கழட்டணும், எதையெல்லாம் தடவக்கூடாது. விடையைச் சொல்லிக் கொடுக்காம அவங்களா எழுதணும். ரெண்டு குழுவுக்கும் வகுப்புக்கு முன்னாலேயே படம் பத்திச் சொல்லி, பார்க்க விரும்பாதவங்க வெளிய போக வழி விடுங்க. தீக்காயம் பட்டவங்களே வகுப்புல உக்காந்திருப்பாங்க.