ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள்: கடல் கடந்து வந்தவர்கள் வம்ச வரலாறு தேடும் வழி

மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வெளிநாட்டுக்குக் குடிவந்திருப்பவர்களுக்கு, வந்த சில மாதங்களிலேயே உங்கள் குடும்பப் பெயர் என்ன என்ற கேள்வி ஏதாவது ஒரு படிவத்தில் வந்து நிற்கும். அடுத்ததாக, பள்ளியில் சேர்ந்த பிள்ளை வம்ச மரம் வரைந்துவரச் சொன்னார்கள் என்று ஒரு தாளோடு வீட்டுக்கு வரும். என் மகள் அந்தத் தாளை என் முன்னால் வைத்த மாலையில்தான், என் அப்பாவின் அப்பாவுக்கு மேலே எனக்கு ஒரு பெயரும் தெரியாது என்பது எனக்கே உறைத்தது. அதன் பிறகு காசு கட்டாமல் இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் ஆவணங்களை வைத்துக்கொண்டு நான் தேடியதையும் கற்றதையும், இப்போது அதே கேள்வியோடு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் குடும்பப் பெயரை இட்டுத் தேடி, ஓர் இரவில் ஐந்து தலைமுறையை எடுத்துவிடுவார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் வீடு வீடாகப் பெயரோடு பாதுகாக்கப்பட்டு, உரிய காலம் கழித்து வெளியிடப்படுவதுதான். அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்து, 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022-இல் வெளியானது. இங்கிலாந்தின் 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அதே 2022-இல்தான் வெளிவந்தது. நம் நாட்டில் தனிமனிதர் விவரம் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி மறைவாகவே வைக்கப்படுவதால், அந்த வழி நமக்குத் திறந்திருக்கவில்லை. நமக்கு வாரிசுப் பெயராக ஒட்டிவரும் குடும்பப் பெயரும் பெரும்பாலும் கிடையாது. அப்பாவின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது, அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிப்போகிறது. ஆகவே குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தில் எதையாவது இட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று மனம் தளர்ந்துவிடாதீர்கள். நமக்குத் திறவுகோல் ஊர்ப் பெயர், பாட்டன் பெயர், குலதெய்வம் ஆகிய மூன்றும்தான். மூன்றிலும் ஊர்ப் பெயரே முதன்மையானது, ஏனென்றால் நம்முடைய அரசு ஆவணங்கள் அனைத்தும் ஊரை வைத்தே அடுக்கப்பட்டிருக்கின்றன.

அதனால் கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஊருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அப்பத்தா, அம்மாச்சி, பெரியப்பா என்று நினைவு தெளிவாக இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. பெரியாறு அணைத் தண்ணீர் மேலூர் வயல்களுக்கு வந்தபோது தாத்தா பிறந்துவிட்டாரா, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் உடனே வரும். முன்னது 1895, பின்னது 1964 டிசம்பர். பூட்டன் தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்து வந்தவர் என்று ஒருவர் சொன்னால் அது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். ஆனால் ஜாதக நோட்டில் வெறுமனே தாது வருஷம் என்றிருந்தால், அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1936-ஆகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதுகளில் இருக்கும் பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்பது 1930 ஜூலையில் தொடங்கியது.

வீட்டில் இருக்கும் ஆவணங்களில் நான் மிக உயர்வாக மதிப்பது மொய் நோட்டை. எங்கள் வீட்டில் 1958-இல் அத்தைக்குக் காது குத்தியபோது எழுதிய நோட்டு ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. சித்தப்பா மகன் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே குலதெய்வத்தின் பெயர், முதல் வரியில் தாய்மாமன் மொய், பிறகு ஊர், பெயர், தொகை என்று வரிசையாக ஓடும் அந்தப் பக்கங்களில், பதினோராவது பக்கத்தின் நடுவில் ஊர் என்ற இடத்தில் பினாங்கு என்று எழுதியிருந்தது. பெயர், அப்பத்தாவின் அண்ணன் பெயர். தொகை ரூபாய் பத்து. அதை அடுத்து, வெள்ளலூர்க்காரர் ஒருவரின் பெயரைப் போட்டு அவர் வசம் என்று முடித்திருந்தார்கள். மலேயாவுக்குக் கப்பலேறிய அந்தத் தாத்தா, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலையில் மாண்டுபோனார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, தங்கை மகளின் காதுகுத்துக்கு ஆள் வசம் பத்து ரூபாய் கொடுத்தனுப்பியவர் எப்படி அங்கே மாண்டிருப்பார்?

இனி இணையத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளலூர்க்காரரைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது வாக்காளர் பட்டியல். 2025-இல் தொடங்கிய தீவிரத் திருத்தப் பணியை ஒட்டி, தமிழ்நாட்டின் 2002, 2005 பட்டியல்களைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு பாகத்திலும் வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் தமிழிலேயே இருப்பதால், ஒரே வீட்டு எண்ணின் கீழே மாமியாரும் மருமகள்களும் பேரன்களும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். தொகுதிகள் 2008-இல் மறுவரையறை செய்யப்பட்டவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சேடபட்டி, சமயநல்லூர் ஆகிய தொகுதிகள் இன்று இல்லை, ஆனால் பழைய பட்டியலில் உங்கள் ஊர் அவற்றின் கீழே இருக்கக்கூடும். நான் தேடியவர் அந்தப் பட்டியலில் 69 வயதினராக இருந்தார், மொய் நோட்டில் இருந்த முதலெழுத்தும் தந்தை பெயரோடு பொருந்தியது. அவர் இப்போது இல்லை. சித்தப்பா மகன் பேருந்தேறி அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, அவருடைய மகன் பினாங்கு முகவரி எழுதிய இரண்டு விமானத் தபால் உறைகளை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தது நிலம். நிலமில்லாத குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது என்பது எனக்கு வருத்தமே, ஆனால் அரைக் குழி மனைக்கட்டு இருந்தாலும் தேடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிட முடியும்; பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. வருவாய்த்துறையின் மின்சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூன்றையும் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். கைபேசிக்குக் கடவு எண் (ஓடிபி) வரும் இடங்களில் ஊரில் இருக்கும் உறவினரின் எண் தேவைப்படும், ஆகவே நேரம் பேசிவைத்துக்கொண்டு உட்காருங்கள். புல எண்ணே தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் தாய்ப்பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய கிரையப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் நமக்கு வம்சாவளியாகவே உதவும்: எழுதிக் கொடுப்பவர் இன்னார் பேரன், இன்னார் மகன், வயது சுமார் இத்தனை என்று தொடங்கி, நான்கெல்லை சொல்லும் இடத்தில் பங்காளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூறிவிடும். ஒருவருடைய காட்டுக்குக் கிழக்கே, இன்னொருவருடைய காட்டுக்கு மேற்கே என்று எழுதியிருந்தால், அந்த இருவரும் அண்ணன் தம்பிகளா என்று முதலில் கேளுங்கள். ஒரு காலத்தில் ஒரே காடாக இருந்து பங்கு பிரிந்ததாக இருக்கும்.

ஆங்கிலத்தில் இருக்கும் பழைய ஏடுகளைத் தேடுபவர்கள் பெயரின் எழுத்துக்கூட்டைப் பல விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளையர் காலத்தில் மாவட்டத்தின் பெயர் மதுரா என்றே எழுதப்பட்டது. திருமங்கலத்தை இன்று டி, எச் என்று தொடங்குகிறோம், அன்று டி, ஐ என்று தொடங்கினார்கள். எல்லைகளும் மாறியவை: ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் உருவானது, திண்டுக்கல்லும் பழனியும் கொடைக்கானலும் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தன, தேனி 1990-களில் பிரிந்தது. பெரியகுளத்துக்காரர் ஒருவர் தம் ஊரை மதுராவின் கீழே தேடாமல் விட்டால் ஒன்றும் அகப்படாது. நெல்சன் எழுதி 1868-இல் வெளிவந்த மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வெளிவந்த மதுரா கெசட்டியரும் இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் தளத்தில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் பூட்டன் பெயர் இருக்காது. அவர் வாழ்ந்த ஊரின் கண்மாய், சந்தை, பஞ்சம், காலரா எல்லாம் இருக்கும். சாதிகளைப் பற்றி அந்த அதிகாரிகள் எழுதிய தீர்ப்புகளை, ஆளவந்தவர்களின் பார்வை என்று தெரிந்தே படியுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்று இன்றும் சொல்லப்படும் குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் முழு ஊர்களே பதிவு செய்யப்பட்டன; அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. தாத்தாவின் பெயர் அப்படியொரு பதிவேட்டில் இருந்ததாகத் தெரிந்தால், அது அவர் செய்த குற்றத்தைச் சொல்லவில்லை, அவருக்குச் செய்யப்பட்டதைச் சொல்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி சற்று எளிது. ஃபேமிலிசர்ச் தளம் இலவசக் கணக்கில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளைத் தேட விடுகிறது. 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரா மிஷனின் ஆண்டறிக்கைகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. கிராமப் பள்ளிகளையும் உபதேசியார்களையும் பற்றிய செய்திகள் அவற்றில் உண்டு.

நம் ஊர்களிலிருந்து வெளியே போனவர்களைத் தேடுவோர் அவர்கள் போன நாட்டின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். மரண அறிவிப்புகளில் பிறந்த ஊரின் பெயர் வருவதுண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,000-க்கும் மேற்பட்டவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. சிப்பாயாகப் போய் மாண்டவர்களுக்குப் பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையத்தின் இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் மட்டும் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் சயாம் ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளிகள் படைவீரர்கள் அல்லர் என்பதால் அந்தத் தரவுத்தளத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெயர் கிடைக்காததை வைத்து ஒருவர் பிழைத்தார் என்றோ மாண்டார் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். பொது வம்ச மரத் தளம் ஒன்றில், என் பூட்டன் பெயரும் ஊரும் பொருந்தியதைப் பார்த்து, வேறொருவர் ஏற்றியிருந்த நான்கு தலைமுறையை அப்படியே என் மரத்தில் சேர்த்துவிட்டேன். எட்டு மாதம் கழித்துப் பெரியப்பா, அந்த வீட்டாருக்குக் குலதெய்வம் வேறு, நாம் அவர்களுக்குப் பெண் கொடுத்து எடுத்தவர்கள் என்றார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் ஊரில் ஒரே தெருவில் நான்கு கருப்பையாக்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது குலதெய்வம்தான். சிவராத்திரிக்கு ஒரே கோயிலில் பொங்கல் வைப்பவர்களா என்று கேட்டுத் தெளிந்த பிறகே ஒரு பெயரைச் சேருங்கள்.

பெண்களைத் தேடுவதற்குத்தான் நீங்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். வாக்காளர் பட்டியலில் ஒரு பெண் கல்யாணம் வரை அப்பா பெயரோடும், அதன் பிறகு வேறோர் ஊரில் கணவர் பெயரோடும் இருப்பார். பட்டாவில் பெரும்பாலும் இருக்கவே மாட்டார். எங்கள் அம்மாச்சியின் தாயார் பிறந்த ஊர் எந்த அரசு ஆவணத்திலும் கிடைக்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்கள் என்ற தலைப்பின் கீழே அச்சாகியிருந்த ஊர்ப் பெயர்தான் அதைக் காட்டிக் கொடுத்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கருமாதிக் கடிதங்களையும் யாரும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும், தாயாரின் பிறந்த வீட்டு விவரத்தையும் பொதுத் தளங்களில் ஏற்ற வேண்டாம். வங்கிகள் அடையாளம் உறுதிசெய்யக் கேட்பவை அவைதான். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியையும் முழுக்க நம்பிவிடக் கூடாது, அந்தக் காலத்தில் சேர்க்கையின்போது தலைமையாசிரியர் தாமே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வது வழக்கம்.

மொய் நோட்டைப் படமெடுக்கச் சொல்லும்போது உள்பக்கங்களோடு அட்டையையும், கடைசிப் பக்கத்தில் கூட்டல் போட்ட இடத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் விசேஷம் நடந்த தேதி அட்டையில் மட்டுமே இருந்தது. பினாங்கு முகவரி எழுதிய அந்த இரண்டு உறைகளில் ஒன்றின் அஞ்சல் முத்திரையில் 1961 என்று படிக்க முடிகிறது. அதிலிருக்கும் தெருவின் பெயரை வைத்துத் தமிழ் முரசின் அறுபதுகளின் இதழ்களை இப்போது மாதம் மாதமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.